மடுவத்தில் உட்கார்ந்து ஒஹையோவில் போட்டியிட்ட கதை

போன வாரம் அம்மா சீட்டுக் கணக்குப் பார்க்க ஒரு பழைய சீ.ஆர். கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அட்டை பிய்ந்திருந்தது. ஓரத்தை எலி கொறித்திருந்தது. நடுவில் வட்டமாகத் தேத்தண்ணிக் கறை. முதல் பக்கத்தைத் திருப்பினால் என் கையெழுத்தில் 38 பெயர்கள், வரிசை நம்பர் போட்டு. முப்பத்தேழு அமெரிக்கப் பெண்கள். கடைசிப் பெயர் என்னுடையது. சில பெயர்களுக்கு எதிரில் சரி அடையாளம், சிலதற்குக் கேள்விக்குறி, சிலதற்கு நானே மறந்துபோன ஏதோ ஒரு குறி.

2020 நவம்பரில் நான் ஒரு தேர்தலில் நின்றேன். ஓட்டுப் போட்டவர்கள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருந்தார்கள். நான் இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில், பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், இருந்தேன். இதை எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தது, கொப்பியைப் பார்த்ததும்தான் கை வந்திருக்கிறது.

முதலில் எந்தத் தேர்தல் என்று சொல்லிவிடுகிறேன். ஒஹையோவில் ஒரு சின்னக் கல்லூரியில் முழு உதவித்தொகையில் படித்துக்கொண்டிருந்தேன். முதல் வருடம் முழுக்க நூலகமும் சாப்பாட்டுக்கூடமுமாகப் போனது. சாப்பாட்டுக்கூடத்தில் எனக்கு வேலை. வெளிநாட்டு மாணவர் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணிநேரம் வரைதான் வேலை செய்யலாம். அந்த இருபதையும் நான் தட்டுக் கழுவியே தீர்த்தேன். இரண்டாம் வருடம், பக்கத்து அறை அக்கா ஒருத்தியின் பேச்சைக் கேட்டு ஒரு சொராரிட்டியில் சேர்ந்தேன். கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட பெண்கள் சங்கம் அது. கல்லூரிகளில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த 19ஆம் நூற்றாண்டில், ஒருவருக்கொருவர் துணையாகத் தொடங்கியவை இவை. லத்தீனில் சொரோர் என்றால் சகோதரி. அதிலிருந்துதான் பெயர். ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கும் கிளைக்குச் சாப்டர் என்பார்கள்.

எங்கள் கல்லூரியில் இப்படி நான்கு சாப்டர்கள். நான்குக்கும் பொதுவாக ஒரு சபை. அதுதான் பான்ஹெலனிக் கவுன்சில். புதிய உறுப்பினர் சேர்ப்பு எப்போது, எப்படி, ஒரு சாப்டர் எத்தனை பேரைச் சேர்க்கலாம், விதியை மீறினால் என்ன தண்டனை, எல்லாம் அங்கேதான் முடிவாகும். சாப்டருக்கு ஒரு பிரதிநிதி, ஒரு ஓட்டு. பெரிய சாப்டர், சின்ன சாப்டர் என்ற பேதமில்லை. மேலே போனால் நாடு முழுவதற்குமான தாய்ச்சபை. 1902இல் சிகாகோவில் ஏழு சங்கங்கள் கூடி ஆரம்பித்தது. நான் நின்றது அந்தக் கல்லூரிச் சபைக்கு எங்கள் சாப்டரிலிருந்து போகும் பிரதிநிதிப் பதவிக்கு.

இதை வீட்டில் விளக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அம்மா, "மாதர் சங்கமா?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். அம்மாயி, அம்மாவின் அம்மா, அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அப்ப நீ நிக்கிறது தலைவிக்கு இல்ல. தோட்டத்துல இருந்து மாவட்டத்துக் கூட்டத்துக்குப் போற ஆளுக்கு."

இரண்டு நாள் நான் சொன்னதை ஒரு ரொட்டி வேகும் நேரத்தில் முடித்துவிட்டார். அவருக்குத் தெரியாதா? எண்பதுகளில் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத்தில் மாதர் தலைவியாக இருந்தவர் அவர்.

நான் அப்போது ஊரில் இருந்ததற்குக் காரணம் கொரோனா. மார்ச்சில் கல்லூரி மாணவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னது. விமான நிலையம் மூடுவதற்கு முன்னால் எப்படியோ வந்து சேர்ந்தேன். வந்த வாரமே ஊரடங்கு. அப்புறம் எல்லாம் ஸூம்தான். வகுப்பும் அதில், சாப்டர் கூட்டமும் அதில். எங்கள் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மேட்டில் இருக்கும் மடுவத்துக்குப் போனால் மூன்று கோடு. பகலில் அங்கே கொழுந்து நிறுப்பார்கள். இரவில் நானும் இரண்டு நாய்களும். அந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் ஆன்லைன் பாடத்துக்கு அங்கேதான் ஏறி வருவார்கள். என் டேட்டா ரீலோட் செலவைப் பற்றி அம்மா இன்னும் அவ்வப்போது சொல்லிக் காட்டுகிறார்.

சரி, தேர்தல். எங்கள் சாப்டரில் முதலில் ஒரு குழு, நிற்க விரும்புகிறவர்களை நேர்காணல் செய்து, ஒரு பதவிக்கு ஒருவர் என்று பட்டியல் போட்டு வைக்கும். அந்தப் பட்டியலை ஸ்லேட் என்பார்கள். சிலேட்டு என்றால் எனக்குத் தெரிந்தது பிள்ளைக்காம்பராவில், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், எச்சில் தொட்டு அழித்த சிலேட்டுதான். இந்தச் சிலேட்டில் என் பெயர் ஏறவில்லை. கவுன்சில் கூடுவது அங்கே செவ்வாய் பின்னேரம் ஐந்து மணிக்கு. எனக்கு அது புதன் விடியற்காலை இரண்டரை. "உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று யோசித்தோம்" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு எது கஷ்டம் என்று இவர்களாகவே முடிவு செய்கிறார்களே என்று. (நியாயமான காரணம்தான். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.) பட்டியலில் வராதவரும் கூட்டத்தில் யாராவது முன்மொழிந்தால் நிற்கலாம். என்னைச் சேர்த்துவிட்ட அந்த அக்காவே முன்மொழிந்தார்.

அந்த அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாகச் சேரும் ஒவ்வொருத்திக்கும் மூத்த உறுப்பினர் ஒருவரைத் துணையாகப் போடுவார்கள். அதற்கு அவர்கள் 'பிக்' என்பார்கள். எனக்கு அமைந்தவர் இவர்தான். நான் ஆங்கிலத்தில் பேசும்போதும் வாய் தவறி அக்கா என்றே கூப்பிட, அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அக்கா சொன்ன யோசனை: "உன் கதையைச் சொல். தேயிலைத் தோட்டம், ஒரே அறை வீடு, உன் அம்மா கூடையோடு நிற்கும் போட்டோ. எல்லாரும் அழுதுவிடுவார்கள்."

அப்படியே எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 200 வருடத்துக்கு முந்திய கண்டிச் சீமையிலிருந்து தொடங்கி அம்மாவின் விரல் வெடிப்பில் முடித்திருந்தேன். இரண்டு நிமிடப் பேச்சு. அம்மாயிக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல ஒன்னயப் பத்தி இருக்கு, எங்களப் பத்தி இருக்கு. அவளுகளப் பத்தி எங்க?"

"யாரு?"

"ஓட்டுப் போடுறவளுக. நீ அங்க போயி என்னா பேசணும்னு அவளுககிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. நான் நல்லவள், கஷ்டப்பட்டவள், அனுப்புங்கள் என்றுதான் எழுதியிருந்தேன்.

அப்போதுதான் அம்மாயி அந்த நிறுவைக் கதையைச் சொன்னார். எண்பதுகளில் நடந்தது. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பார்கள். கழிப்பது கூடிக்கொண்டே போனது. தோட்டத்துச் சங்கத் தலைவரும் மாதர் தலைவியும் ஆபிஸுக்குப் போய்த் தோட்டத்து மேலாளரான துரையிடம் பேசினார்கள். துரை முடியாது என்றுவிட்டார். திரும்பி வரும்போது தலைவர் டவுனில் வேலை இருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டார். அம்மாயி நேரே மேட்டு லயத்துக்குப் போய், 24 வாசலிலும் நின்று, "கேட்டோம், இல்லன்னுட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். நல்ல செய்தி ஒன்றுமில்லை. இரண்டு வாசலில் ஏச்சு. ஒரு வாசலில், "இதச் சொல்லவா வந்த?" என்று கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

"பெறகு ஏன் போனீங்க?" என்றேன்.

"போகாட்டி அடுத்த தடவ கை தூக்குவாளுகளா?"

இதில் இன்னொன்று. கோயில் முன்னால் கூட்டம் போட்டுக் கை தூக்கி அம்மாயியைத் தலைவியாக்கிய அந்த நாட்களில், அம்மாயிக்கு நாட்டில் ஓட்டு கிடையாது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து ஆட்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாக எண்ணிக்கையாகப் பங்கு போட்டது. அம்மாயியின் கூடப்பிறந்தவர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். இவர் ஏறவில்லை. எந்த நாட்டுக் காகிதமும் இல்லாமல் இருந்தவருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் பிரஜாவுரிமை. பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போட முடியாத பெண்தான், 1984 வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றிருக்கிறார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று வந்தது அந்த வருடம்தான். அதுவரை அதே மலையில் அதே கொழுந்தைப் பறித்த பெண்ணுக்குச் சம்பளம் குறைவு.

அந்த இரவே பேச்சைக் கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். கிழிக்கவில்லை, மடித்து வைத்தேன். டவுனுக்குப் போய் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி வந்தேன்.

உறுப்பினர்கள் என்னோடு 38 பேர். ஒவ்வொருவருக்கும் செய்தி போட்டு, பத்து நிமிடம் பேசலாமா என்று கேட்டேன். பத்து நாளில் 31 பேரிடம் பேசினேன். அவர்களுக்குப் பகல் என்றால் எனக்கு ராத்திரி. மடுவத்தில் படங்கை விரித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். காலில் அட்டை ஏறாமல் இருக்க சோப்பைத் தேய்த்திருந்தேன். கேட்டது இரண்டே கேள்வி. கவுன்சிலில் நம் ஓட்டு எதற்குப் போக வேண்டும்? இப்போது நம் பிரதிநிதி எதற்கு ஓட்டுப் போட்டார் என்று தெரியுமா?

இரண்டாவது கேள்விக்கு வந்த பதிலை இன்னும் மறக்க முடியவில்லை. பிரதிநிதி யார் என்று 19 பேருக்குத் தெரிந்திருந்தது. அவர் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று ஒருத்திக்கும் தெரியாது. அவர் எதையும் மறைத்தவர் அல்ல. கூட்டம் முடிந்ததும் "எல்லாம் நல்லபடியாக நடந்தது" என்று ஒரு வரி போடுவார். யாரும் மேலே கேட்டதில்லை, நான் உட்பட.

முதல் கேள்விக்கு மழை மாதிரிக் கொட்டினார்கள். ஜனவரியில் வரும் சேர்ப்பை முழுக்க ஆன்லைனில் வைக்க வேண்டும் என்று பாதிப் பேர். திரையில் முகத்தைப் பார்த்து யாரைச் சேர்ப்பது என்று மீதிப் பேர். எங்களுடையது நான்கிலும் சின்ன சாப்டர் என்பதால் பலருக்கும் கோட்டா பற்றிய பயம். கோட்டா என்பது, சேர வருகிறவர்களைச் சாப்டர்களுக்குள் பங்கிட்டு, ஒவ்வொன்றும் இத்தனை பேர் வரை சேர்க்கலாம் என்று வைக்கும் எண்ணிக்கை. வருகிறவர்கள் குறைந்தால் எண்ணிக்கையும் குறையும். ஆனாலும் பெரிய சாப்டர்கள் தங்கள் பங்கை நிரப்பிக்கொள்ளும், சின்னது காய்ந்துபோகும். அந்த வருடம் வேறொரு காற்றும் வீசியது. வான்டர்பில்ட், டியூக் போன்ற பல்கலைக்கழகங்களில் மாணவர்களே இந்தச் சங்கங்களைக் கலைக்கச் சொன்னார்கள். பணக்கார வெள்ளையருக்கான இடம் என்று சொல்லிக் கூட்டமாக விலகினார்கள். எங்களிடமும் இருவர், "இருப்பதா விலகுவதா தெரியவில்லை" என்றார்கள். அதையும் எழுதிக்கொண்டேன்.

பேச்சு நாள் நவம்பர் 1, ஞாயிறு, அங்கே மாலை ஏழு மணி. எனக்குத் திங்கள் விடியற்காலை நாலரை என்று கணக்கு. நாலு மணிக்கு அம்மா எழுப்பினார். பிளாஸ்கில் இஞ்சி போட்ட சாயத்தண்ணி, தாளில் சுற்றிய ரொட்டி, டோர்ச். நல்ல மூட்டம். மடுவத்துக்கு ஏறும் படியில் அடுத்த படி தெரியவில்லை. தராசு தொங்கும் கொக்கிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து லெப்டொப்பைத் திறந்தேன். நாலரைக்கு இணைப்பை அழுத்தினால் ஆளே இல்லை. நாலு முப்பத்தைந்து, இல்லை. சிக்னல் கோளாறு என்று போனைத் தூக்கிக்கொண்டு மடுவத்தைச் சுற்றி வந்தேன். இரண்டு நாயும் பின்னாலேயே வந்தன. அக்காவுக்குச் செய்தி போட்டேன். பதில் வந்தது: "இன்று அதிகாலைதான் கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னால் தள்ளினோம். இன்னும் ஒரு மணிநேரம் இருக்கிறது, தூங்கு."

குளிர்காலம் வந்தால் அவர்கள் ஊரே சேர்ந்து கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். போன வருடம் நானும் திருப்பியவள்தான். தோட்டத்தில் எட்டு மாதம் இருந்ததில் அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அந்த ஒரு மணிநேரம்தான் எனக்கு உண்மையில் உதவியது. சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, டோர்ச் வெளிச்சத்தில் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கறை அன்றைக்கு வந்தது. மடித்து வைத்திருந்த பழைய பேச்சும் கொப்பிக்குள்தான் இருந்தது. கடைசி நிமிடத்தில் பயந்தால் அதையே படித்துவிடலாம் என்று எடுத்து வந்திருந்தேன். குளிரில் கையும் காலும் விறைத்த நேரத்தில், அம்மாவின் விரல் வெடிப்பை இரண்டு நிமிடத்தில் விற்கப் போகிறோமா என்று ஒரு கூச்சம் வந்தது. திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

ஐந்தரைக்கு என் முறை. வாயைத் திறக்கிறேன், கீழே கோயிலில் குழாயைப் போட்டுவிட்டார்கள். முருகன் பாட்டு, பள்ளத்தாக்கு முழுக்க. நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. கத்தித்தான் பேசினேன். "31 பேரிடம் பேசினேன். நீங்கள் சொன்னதில் நான்கு விஷயங்களைச் சொல்கிறேன்" என்று தொடங்கி, அவர்கள் சொன்னதை அவர்களுக்கே சொன்னேன். ஒன்றை ஒன்று வெட்டும் இடங்களையும் சொன்னேன். கடைசியில் ஒரு வாக்கு: ஒவ்வொரு கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகும், அன்றைக்கே, நாம் எதற்கு ஓட்டுப் போட்டோம், தோற்றோமா ஜெயித்தோமா என்று எழுதி அனுப்புவேன். என் ஊரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் எனக்குப் பின்னால் தராசுக் கொக்கி, பாட்டு, நடுவில் திரைக்குள் மூக்கை நீட்டிய ஒரு நாய். பேச்சு முடிந்ததும் முதலில் வந்த கேள்வி, "அந்தப் பின்னணி இசை நீயே தேர்ந்தெடுத்ததா?"

அப்புறம் என்னை வெயிட்டிங் ரூமில் போட்டார்கள். வேட்பாளர் இல்லாமல் மற்றவர்கள் பேசிக்கொள்ள வேண்டுமாம். "உங்களைச் சற்று நேரத்தில் உள்ளே அனுமதிப்பார்கள்" என்ற ஒற்றை வரியைப் பார்த்தபடி 17 நிமிடம். மூட்டம் வெளுத்தது. காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போகிற வழியில் கங்காணி எட்டிப் பார்த்து, "என்னா புள்ள, பேர் போட வந்திட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஓட்டுப் போட ஒரு வாரம். அந்த வாரம் தோட்டத்தில் தீபாவளிப் பேச்சு, அட்வான்ஸ் பேச்சு, நாளுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் கேட்கும் பேச்சு. அப்போது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். இன்னொரு பக்கம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். கமலா ஹாரிஸ் உப ஜனாதிபதியாக ஜெயித்த செய்தி இங்கே சனிக்கிழமை ராத்திரி வந்தது. ஞாயிறு காலை எங்கள் லயத்தில் டீவியைச் சுற்றிக் கூட்டம். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் தமிழ்நாட்டில் துளசேந்திரபுரம் என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆகஸ்டில் கட்சி மாநாட்டில் பேசும்போது அவர் 'சித்தி' என்று தமிழிலேயே சொன்னதை அம்மாயி நாலு வாசலுக்கும் சொல்லி முடித்திருந்தார். அவர் கல்லூரியில் ஒரு சொராரிட்டியில் இருந்தவர் என்று நான் வாய்விட்டதும், "அப்ப ஒங்க சங்கமா?" என்றார் அம்மாயி, கண் விரிய.

இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவருடையது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் தொடங்கியது. அது எங்கள் பான்ஹெலனிக் சபையில் இல்லை. வெள்ளைக்காரப் பெண்களின் சங்கங்கள் பல பத்தாண்டுகளாகக் கறுப்பினப் பெண்களைச் சேர்க்கவில்லை. கறுப்பின மாணவர் சங்கங்கள் தங்களுக்கென்று தனிச் சபை ஒன்றை 1930இல் அமைத்துக்கொண்டன. அதன் பெயரிலும் பான்ஹெலனிக் உண்டு. பான்ஹெலனிக் என்றால் கிரேக்க எழுத்துச் சங்கங்கள் அனைத்தும் என்று பொருள். அனைத்தும் என்ற பெயரில் இரண்டு சபை.

அம்மாயி கொஞ்ச நேரம் டீவியையே பார்த்தார். "அங்கயும் பணிய லயம், மேட்டு லயம் இருக்கு" என்றுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை, இந்த முறை சரியாக ஐந்தரைக்கு, முடிவு. 19க்கு 16. மூன்று பேர் ஓட்டுப் போடவில்லை. தோற்றுவிட்டேன்.

ஜெயித்தவள் பட்டியலில் இருந்த பெண். வளாகத்திலேயே இருப்பவள், சிரித்த முகம், யாருக்கும் கெடுதல் நினைக்காதவள். ஒரு குறையும் சொல்ல வழியில்லாத ஆளிடம் தோற்பது தனி எரிச்சல். அந்த மூன்று ஓட்டை வைத்து நான் ஒரு நாள் முழுக்கக் கணக்குப் போட்டேன். மூன்றும் எனக்கே விழுந்திருந்தாலும் சமன்தான். அதைவிட, நான் பேசாமல் விட்ட ஆறு பேர் யார் என்று கொப்பியில் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன்.

அன்று மாலையே அவளிடமிருந்து செய்தி. "உன் குறிப்புகளைத் தருவாயா? எனக்கு அது இல்லாமல் முடியாது."

இரண்டு நாள் பதில் போடவில்லை. பார்த்ததற்கான நீல அடையாளம் அவளுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அம்மாயியிடம் சொன்னால் கொடு என்பார் என்று பயந்து சொல்லவில்லை. பத்து ராத்திரி அட்டைக்கடியில் உட்கார்ந்தது நான். மூன்றாம் நாள், முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, "என்னா ஆச்சு ஒன் தேர்தலு?" என்று அம்மாயியே கேட்டார். தோற்றதைச் சொன்னேன். கொப்பியைக் கேட்கிறாள் என்பதையும் சொன்னேன். அம்மாயி கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. "மாவு காயிது, அச்சை எடு" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தேன். ஒன்று முதல் ஐந்து வரை அனுப்பினேன். ஆறாம் பக்கத்தை அனுப்பவில்லை.

ஆறாம் பக்கத்தில் நான்கு பேர். கவுன்சில் விஷயம் பேசப் போன இடத்தில், சந்தா கட்ட முடியவில்லை என்று என்னிடம் சொன்னவர்கள். அந்தச் சங்கத்தில் ஒரு பருவத்துக்கு 400 டாலர். அன்றைய கணக்கில் 73,000 ரூபாய்க்கு மேல், அம்மாவின் நூறு நாள் பேருக்கும், அதாவது நாட்சம்பளத்துக்கும், அதிகம். கொரோனாவில் வேலை போனவர்கள், தகப்பனுக்கு வேலை போனவர்கள். "யாரிடமும் சொல்லாதே, பேசாமல் விலகிவிடுகிறேன்" என்றார்கள். நான்காவது ஆள் நான். சாப்பாட்டுக்கூட வேலை மார்ச்சோடு நின்றுபோயிருந்தது. சேர்த்து வைத்ததெல்லாம் விமான டிக்கெட்டுக்கே போயிருந்தது. பிரதிநிதியானால் கட்டணத்தில் ஏதாவது சலுகை கிடைக்குமோ என்ற நப்பாசையும் எனக்கு இருந்தது. இதை அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த மூவரிடமும் மறுபடி கேட்டேன். இரண்டு பேர், பெயரில்லாமல் சொல் என்றார்கள். ஒருத்தி, வேண்டவே வேண்டாம் என்றாள். பொருளாளருக்கு, "சிலருக்குக் கஷ்டம் இருக்கிறது, என்னையும் சேர்த்து" என்று எழுதினேன். என் பெயர் ஒன்றைத்தான் போட்டேன். பதில் வர மூன்று வாரமானது. சந்தாவைக் குறைக்கவில்லை. மாதாமாதம் பிரித்துக் கட்டலாம் என்றார்கள். சாப்டரின் உதவி நிதி ஒன்று இருக்கிறது, விண்ணப்பியுங்கள் என்றும் சொன்னார்கள். எனக்கு அதிலிருந்து பாதி கிடைத்தது. வேண்டாம் என்ற பெண் ஜனவரியில் விலகிவிட்டாள். அவளுக்காக நான் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம் என்று அவ்வப்போது தோன்றும். அவள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் சரி என்றும் தோன்றும். அடுத்த வருடம் நான் திரும்பிப் போனபோது வழியில் ஒரு முறை பார்த்தேன். நாயின் சுகத்தை விசாரித்தாள்.

ஜெயித்தவள் வாக்கைக் காப்பாற்றினாளா என்று கேட்பீர்கள். முதல் இரண்டு கூட்டத்துக்கும் அன்றைக்கே ஒரு பக்கம் எழுதி அனுப்பினாள், யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது உட்பட. ஜனவரிச் சேர்ப்பு ஆன்லைனிலேயே என்று முடிவானது. எங்கள் ஓட்டும் அதற்கே போனது, பாதிப் பேருக்குப் பிடிக்காமல். மூன்றாவது கூட்டத்துக்கு, "எல்லாம் நல்லபடியாக நடந்தது" என்று ஒரே வரி. நான் மடுவத்துக்கு ஏறி, "ஓட்டு எதற்கு?" என்று கேட்டு எழுதினேன். எழுதினாள். அதன் பிறகு நான் கேட்காவிட்டாலும் வேறு யாராவது ஒருத்தி கேட்கத் தொடங்கிவிட்டாள்.

கொப்பியில் மிச்சப் பக்கங்கள் நிறைய இருந்ததால் அம்மா அதை எடுத்துக்கொண்டார். ஏழாம் பக்கத்திலிருந்து பணிய லயத்துச் சீட்டுக் கணக்கு. இருபது பெண்கள், மாதம் ஆளுக்கு ஆயிரம், கட்டியவருக்குச் சரி அடையாளம். ஆறாம் பக்கத்தைக் கிழித்துத் தரவா என்று அம்மாவிடம் கேட்டேன். அதன் பின்பக்கத்தில் இரண்டு பேர் தரவேண்டிய பாக்கி எழுதியிருக்கிறது, கிழிக்காதே என்றார்.